நட்சத்திரம் சோறு போடுமா?

சந்திரயான்-3 நிலவில் இறங்கியதற்கு மறுநாள் காலை. 2023 ஆகஸ்ட் 24. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். வாணியம்பாடியிலிருந்து அக்கா கணவர் போன் செய்தார். குரலில் உற்சாகம். "பார்த்தீங்களா மாப்ளே? திட்ட இயக்குநர் நம்ம விழுப்புரத்துக்காரராம். ரயில்வே ஊழியரோட பையன். பாலிடெக்னிக்ல டிப்ளமா படிச்சவராம். தமிழன் எங்கேயோ போயிட்டான்!" நானும் ஆமாம் என்றேன். பெருமைப்பட வேண்டிய விஷயம்தானே.

அடுத்த வாக்கியத்தில் குரல் இறங்கியது. "அது சரி, உங்க அக்கா மகளுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். பி.எஸ்சி. முடிச்சுட்டு நட்சத்திரம் படிக்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. பாங்க் பரீட்சைக்கு கோச்சிங் சேர்த்துவிட்டா போக மாட்டேங்குது. நட்சத்திரம் சோறு போடுமா, நீங்களே சொல்லுங்க."

விழுப்புரத்து வீரமுத்துவேல் நிலவுக்குப் போனால் பெருமை. வாணியம்பாடிப் பெண் வானத்தைப் பார்த்தால் கவலை. இதைச் சொல்லிக் காட்டியபோது அவர் கோபிக்கவில்லை. "அவர் இன்ஜினியர் மாப்ளே. இது வேற" என்றார். பிறகு யோசித்துப் பார்த்தபோது அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பது தெரிந்தது. ராக்கெட் விடுவதும் நட்சத்திரத்தை ஆராய்வதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் அவருக்குப் புரிந்த அளவுக்கு எனக்கே அன்று புரிந்திருக்கவில்லை.

என்னிடம் ஏன் கேட்டார் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டில் இதே கேள்வி வேறு உருவத்தில் எழுந்தது. "எம்.ஏ. தமிழா? தமிழ் சோறு போடுமா?" கேட்டவர்கள் பெரியப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தவன் நான். எனக்காகப் பேசியவர் அப்போது புது மாப்பிள்ளையாக வந்திருந்த இதே அக்கா கணவர். டேனரியில் கணக்கு எழுதும் மனிதர். "படிக்கட்டுமே, பிடிச்சதைப் படிச்சவன் எப்படியும் பிழைச்சுக்குவான்" என்றார் அன்று. தமிழ் எனக்குச் சோறு போட்டது. பெரிய விருந்து இல்லை. ஆனால் பட்டினி போட்டதில்லை. மொழிபெயர்ப்பும் பத்திரிகை வேலையுமாக வாழ்க்கை ஓடிவிட்டது. அன்று எனக்காகப் பேசியவர் இன்று தன் மகளுக்கு எதிராக என்னைப் பேசச் சொல்கிறார். ஊரார் பிள்ளைக்குத் துணிச்சல் சொல்வது சுலபம் என்பதை இருவருமே அறிவோம்.

வானியலுக்கும் எனக்கும் இருந்த உறவு அவமானத்தில் தொடங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செய்தியை மொழிபெயர்த்தேன். தூரத்து விண்மீன் ஒன்று வெடித்த செய்தி. "பல ஒளியாண்டுகளுக்கு முன்பு நடந்த இந்த வெடிப்பு" என்று எழுதினேன். பத்து நாள் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். ஒளியாண்டு என்பது காலம் அல்ல, தூரம். ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவு, ஏறக்குறைய ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர். "பல மைல்களுக்கு முன்பு எனக்குக் கல்யாணம் ஆனது" என்று நீங்கள் எழுதுவீர்களா? அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். அக்கா மகளிடம் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

தீபாவளி விடுமுறைக்கு அவள் பெங்களூர் வந்தாள். புத்தி சொல்வதற்காக அனுப்பப்பட்டவள். நானோ புத்தி சொல்வதற்கு முன் விசாரிப்பது நல்லது என்று முடிவு செய்தேன். பத்திரிகைக்காரனின் ஒரே சொத்து அதுதான்.

விசாரிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை. கம்ப்யூட்டர் ஊர் என்றுதான் பெங்களூரை எல்லோரும் நினைக்கிறார்கள். கோரமங்கலாவில் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இருக்கிறது. சதாசிவநகரில் 1948-ல் சி.வி. ராமன் தொடங்கிய ஆய்வு நிறுவனம். பக்கத்திலேயே இந்திய அறிவியல் கழகம். பழைய விமான நிலையச் சாலையில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் மையம். 1989-ல் திறந்த நேரு கோளரங்கம். வடக்கே கௌரிபிதனூரில் வானொலித் தொலைநோக்கி. கிழக்கே ஹொசகோட்டேயில் ஒரு வளாகம். லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் குளிரில் நிற்கும் இரண்டு மீட்டர் தொலைநோக்கியை, செயற்கைக்கோள் இணைப்பு வழியே அங்கே உட்கார்ந்தபடி இயக்குகிறார்கள். தக்காளி லாரிகள் போகும் ரோட்டோரத்தில் இப்படியும் ஒரு வேலை நடக்கிறது. சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ம் தேதி கிளம்பிய ஆதித்யா-எல்1-ன் முக்கியக் கருவியும் அதே ஹொசகோட்டே வளாகத்தில்தான் உருவானது.

கோரமங்கலா நிறுவனத்தின் பூர்வீகம் சென்னை. 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி தன் வீட்டில் வைத்திருந்த தனியார் வானாய்வகம், 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் வானாய்வகமாக நிலைபெற்றது. 1899-ல் கொடைக்கானலுக்குப் போனது. 1971-ல் தன்னாட்சி நிறுவனமானது. பிறகு பெங்களூருக்குத் தலைமையகம் வந்தது. ஆக, வேலை தேடி பெங்களூர் வந்த பல லட்சம் தமிழர்களைப் போல இந்த நிறுவனமும் சென்னையிலிருந்து குடிபெயர்ந்து வந்ததுதான். இதைச் சொன்னதும் அவள் முகத்தில் லேசாக ஒரு தெம்பு தெரிந்தது.

அங்கே ஓர் ஆய்வாளரைச் சந்தித்தோம். மதுரைப் பக்கத்துக்காரர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதலில் அவர் கேட்ட கேள்வி: "உனக்குப் பிடித்தது நட்சத்திரமா, இயற்பியலா?" அவள் நட்சத்திரம் என்றாள். அவர் சிரித்தார். நட்சத்திரம் பார்ப்பது வாரத்தில் ஒரு நாள்கூட இருக்காது, மற்ற நாளெல்லாம் கணக்கும் கம்ப்யூட்டரும்தான். அதையும் பிடித்துப்போக வேண்டும் என்றார்.

பிறகு அவர் விளக்கியதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். வானியலுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று இன்ஜினியரிங் வாசல். தொலைநோக்கி, கேமரா, செயற்கைக்கோள், மென்பொருள் செய்பவர்கள் அந்த வழியில் வருகிறார்கள். இஸ்ரோவில் பெரும்பாலோர் இவர்களே. ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநரான செங்கோட்டை நிகர் ஷாஜி திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். பள்ளியிலேயே முடிவு செய்துவிட்டவர்களுக்குத் திருவனந்தபுரத்தில் இஸ்ரோ சார்ந்த விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, 2007-ல் தொடங்கியது.

இன்னொன்று இயற்பியல் வாசல். பி.எஸ்சி. இயற்பியல் அல்லது கணிதம் முடித்து, ஜாம் என்ற அகில இந்தியத் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேரலாம், இந்திய அறிவியல் கழகத்தில் எம்.எஸ்சி.யும் முனைவர் பட்டமும் சேர்ந்த படிப்பில் நுழையலாம். வானியலுக்கென்றே எம்.எஸ்சி. இந்தூர் ஐஐடி போன்ற வெகுசில இடங்களில்தான் உண்டு. அது இல்லாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. சாதாரணப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, ஜெஸ்ட், நெட், கேட் போன்ற தேர்வுகளில் ஒன்றில் தேறி நேர்முகத்துக்குப் போகலாம். கோரமங்கலா, ராமன் நிறுவனம், புனேயின் இரண்டு வானியல் மையங்கள், மும்பையின் டாடா நிறுவனம், சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் என்று கதவுகள் பல. பெங்களூரில் 1982 முதல் கூட்டு வானியல் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்துவது. பாடம் ஓரிடத்தில், வழிகாட்டி வேறிடத்தில். இன்ஜினியரிங் படித்தவர்களும் ஆராய்ச்சிக்கு வருகிறார்கள்.

"காசு?" என்று கேட்டேன். அக்கா கணவர் சார்பில் கேட்ட கேள்வி. முனைவர் பட்ட ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு வருடங்களுக்கு மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000. தங்கும் இடம் தராவிட்டால் வீட்டு வாடகைப் படியும் உண்டு. வாணியம்பாடியில் இதை ஒரு நல்ல சம்பளம் என்றே சொல்வார்கள். பெங்களூரில் இதைவிட அதிகமாகத் தருகிற கம்பெனிகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு என்பதும் உண்மை.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல செய்தியாகப் போயிருக்கும். அவர் நிறுத்தவில்லை. முனைவர் பட்டத்துக்கு ஐந்து, ஆறு வருடங்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம், மூன்று வருடம் என்று தற்காலிக ஆய்வு வேலைகள். பெரும்பாலும் வெளிநாட்டில், ஒரு நாட்டில் முடிந்தால் அடுத்த நாடு. நிரந்தர வேலை கிடைக்கும்போது வயது முப்பத்தைந்தைத் தொட்டிருக்கும். எல்லோருக்கும் கிடைக்காது. பெரிய தொலைநோக்கித் திட்டங்களை நம்பியும் இருக்க முடியாது. இந்தியாவும் பங்கேற்கும் முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கு 492 கண்ணாடித் துண்டுகள் வேண்டும். அவற்றில் ஒரு பகுதியை மெருகேற்ற ஹொசகோட்டேயில் ஆலையே அமைத்தார்கள். ஆனால் ஹவாய்த் தீவின் மலையில் உள்ளூர் மக்களின் எதிர்ப்பால் அதன் கட்டுமானம் வருடக்கணக்கில் தள்ளிப்போனது. ஒரு திட்டம் தாமதித்தால் ஒரு தலைமுறை மாணவர்களின் கணக்கும் தாமதிக்கும். "இதையெல்லாம் சொல்லாமல் பிள்ளைகளைக் கூப்பிடுவது பாவம்" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் பேசவே இல்லை. அல்சூர் வந்ததும், "முப்பத்தஞ்சு வயசா மாமா?" என்றாள். எம்.ஏ. முடித்தபோது என்னிடம் யாரும் இப்படிக் கணக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது அவளே சொன்னாள்: "பாங்க்ல சேர்ந்தாலும் எனக்கு முப்பத்தஞ்சு வயசு ஆகத்தானே போகுது."

2024 பிப்ரவரியில் ஜாம் எழுதினாள். அடுத்த மாதம், சிவராத்திரிக்கு மறுநாள், சனிக்கிழமை. நான் ஊருக்குப் போயிருந்தேன். "காவலூர் போகலாம் மாமா, நீங்களும் வாங்க" என்று அக்கா கணவரைக் கூப்பிட்டேன். முந்தின ராத்திரி முழுக்கக் கோயிலில் கண் விழித்தவர். "இன்னிக்கும் முழிக்கணுமா?" என்றபடி கிளம்பினார்.

ஜவ்வாது மலையில் காவலூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இருபத்தைந்து வருடங்களாக அந்தப் பக்கத்தில் குடியிருக்கும் அவர் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. நானும்தான். மலைமேல் சந்தனமும் தேனும் கிடைக்கும் என்று தெரியும். ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரிய தொலைநோக்கி இருந்த இடம் என்று தெரியாது. 1968-ல் வைணு பாப்பு என்ற விஞ்ஞானி அங்கே ஒரு சின்னத் தொலைநோக்கியை வைத்துத் தொடங்கினார்; 38 சென்டிமீட்டர்தான் அதன் விட்டம், கொடைக்கானல் பட்டறையில் செய்தது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, மறைப்பதற்கு முன்பும் பின்பும் அந்த விண்மீன் விட்டு விட்டு மங்கியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை அந்த மங்கல்தான் காட்டிக் கொடுத்தது. அமெரிக்கர்கள் விமானத்தில் பறந்தபடி கண்டதை அதே சமயம் இந்த மலையிலிருந்தும் பதிவு செய்தார்கள். பாப்பு கனவு கண்ட 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கி உள்நாட்டிலேயே உருவானது. அது முடியும் முன்பே, 1982-ல், அவர் காலமானார். 1986 ஜனவரி 6-ம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு அவர் பெயரைச் சூட்டினார். 1988-ல் இங்கே ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர். கும்பகோணத்து மனிதரை ஜவ்வாது மலையிலிருந்து வானத்தில் ஏற்றி வைத்தார்கள்.

பெரிய தொலைநோக்கியின் கூண்டுக்குள் நின்றபோது அக்கா கணவர் கேட்ட முதல் கேள்வி: "இதை யாரு தினமும் துடைக்கிறது?" கணக்கு எழுதுபவரின் கேள்வி. அசட்டுக் கேள்வி என்று நினைத்தேன். நல்ல கேள்வி என்று பிறகு தெரிந்தது. கண்ணாடியின் அலுமினியப் பூச்சு மங்கினால் கழற்றி மறுபடி பூச வேண்டும். அதற்கென்று ஆட்கள், அதற்கென்று ஒரு தொழில். மின்சாரம், குளிர்பதனம், இயந்திரம், கம்ப்யூட்டர் என்று ஒரு தொலைநோக்கியின் பின்னால் ஒரு சிறு ஊரே இருக்கிறது. அதில் ஐடிஐ படித்தவருக்கும் வேலை உண்டு, முனைவருக்கும் உண்டு. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒரு தொழிற்சாலை என்று புரிந்ததும் அவருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது.

இருட்டியதும் ஒரு சிறு தொலைநோக்கியில் வியாழனைக் காட்டினார்கள். வரிசையில் நின்று பார்த்தார். ஒரு பொட்டு, பக்கத்தில் கோடு போட்டாற்போல் சில புள்ளிகள். "அந்தப் புள்ளியெல்லாம் என்னம்மா?" "வியாழனோட நிலாப்பா. கலீலியோ 1610-ல பார்த்தது." "குரு பகவானுக்கு நிலாவா?" என்றார். கேலியா, வியப்பா என்று தெரியவில்லை. குருப் பெயர்ச்சிக்கு ஆலங்குடி போய் வருபவர். திரும்பும் வழியில் வேனில் யாரும் அதிகம் பேசவில்லை. வாணியம்பாடி நெருங்கும்போது, "ரெண்டு வருஷம். எம்.எஸ்சி. வரைக்கும். அதுக்கப்புறம் பார்க்கலாம்" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

இரண்டு வாரத்தில் ஜாம் முடிவு வந்தது. தேறியிருந்தாள், ஆனால் ஐஐடி கிடைக்கிற தர வரிசை இல்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். கணக்கு வரும், கேள்வியின் இங்கிலீஷ் வாக்கியம் புரிவதற்குள் நேரம் போய்விடும். இந்த இடத்தில் எம்.ஏ. தமிழுக்குக் கொஞ்சம் வேலை கிடைத்தது. ஒரு நோட்டுப் போட்டோம். இடப்பக்கம் அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல், வலப்பக்கம் தேர்வில் வரும் சொல். நிறமாலை, விண்முகில், கருந்துளை, செம்பெயர்ச்சி. சங்கப் பாடல்களில் கோளுக்குக் கோள்மீன், விண்மீனுக்கு நாள்மீன் என்று வேறுபாடு இருப்பதையும் சனிக்கு மைம்மீன் என்று பெயர் இருப்பதையும் சொன்னேன். ரசித்தாள். உடனே கேட்டாள்: "சரி மாமா, மைம்மீன் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அதுல இருக்கா?" இல்லை. நம் பழைய சொற்களைப் பெருமையோடு எடுத்துக்கொள்ளலாம். அவற்றை வைத்துப் பரீட்சை எழுத முடியாது. அந்த நோட்டின் பயன் வேறு. தமிழில் புரிந்த விஷயம் எந்த மொழியில் கேட்டாலும் மிரட்டாது என்ற தைரியம்.

தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாள். கோடை விடுமுறை ஆய்வுப் பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார் கோரமங்கலா ஆய்வாளர். பெங்களூர், புனே நிறுவனங்கள் பலவும் வருடா வருடம் கோடையில் மாணவர்களை எடுக்கின்றன. இந்திய அறிவியல் அகாடமியும் எடுக்கிறது. டெல்லி, மும்பைப் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே விண்ணப்பித்துவிடுகிறார்கள். நம் சிற்றூர்க் கல்லூரிகளில் அறிவிப்புப் பலகை வரைக்கும்கூட அந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை. பணம், இங்கிலீஷ் இரண்டையும்விடப் பெரிய தடை இதுதான் என்று நினைக்கிறேன். அவள் மூன்று இடத்துக்குப் போட்டாள். இரண்டில் பதிலே இல்லை. ஒன்றில் கிடைத்தது.

2025 கோடையில் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் தங்கினாள். மாறும் விண்மீன் ஒன்றைப் பற்றிய வேலை. சில விண்மீன்கள் ஒளி கூடும், குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து அதன் உள்ளே நடப்பதைக் கணிப்பது. தொலைநோக்கியை அவள் தொடவே இல்லை. பொதுவில் வைக்கப்பட்டிருக்கும் தரவுகளை எடுத்து, கம்ப்யூட்டரில் நிரல் எழுதி, சத்தத்தைக் கழித்து, கோடு வரைவது. முதல் இரண்டு வாரம் அழுகை. மூன்றாவது வாரம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு என்னை எழுப்பி ஒரு வரைபடத்தைக் காட்டினாள். புள்ளிகள் அலை அலையாக ஏறி இறங்கின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகம் மட்டும் புரிந்தது.

அந்த ஜூன் மாதம்தான் சிலியில் வேரா ரூபின் வானாய்வகத்தின் முதல் படங்கள் வெளியாயின. ஓர் இரவில் ஏறக்குறைய 20 டெராபைட் தரவு சேகரிக்கக்கூடியது. எந்த மனிதக் கண்ணும் பார்த்துத் தீராது. கம்ப்யூட்டருக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். வானியல் படித்து ஆராய்ச்சியில் நீடிக்க முடியாமல் போகிறவர்களுக்கு வேறு வழி திறப்பது இங்கேதான். இரைச்சலிலிருந்து செய்தியைப் பிரிக்கத் தெரிந்தவரை வங்கியும் கேட்கும், மருத்துவமனையில் ஸ்கேன் படம் ஆராய்பவரும் கேட்பார், செயற்கைக்கோள் படத்தில் பயிர் பார்ப்பவரும் கேட்பார். ஆஸ்திரேலியாவில் கருந்துளைகளிலிருந்து வரும் மங்கிய வானொலி அலைகளைத் தேடிய விஞ்ஞானிகளின் கணித முறைதான், பிற்பாடு நம் வீட்டு வைஃபைக்கு உதவியது. அவர்கள் தேடியது கிடைக்கவில்லை. தேடக் கற்றது வீணாகவில்லை. கோளரங்கங்கள், அறிவியல் மையங்கள், கல்லூரி ஆசிரியர் வேலை எல்லாம் இருக்கின்றன. தமிழில் அறிவியலைப் பிழையில்லாமல் எழுத ஆள் இல்லை என்பதற்கு என் தபால் அட்டையே சாட்சி.

இதற்கிடையில் ஒரு வரன் வந்தது. பையன் வங்கியில் வேலை. பெண் வானியல் ஆராய்ச்சி செய்யப் போகிறாள் என்றதும் பையனின் அம்மா மகிழ்ச்சியோடு கேட்டாராம்: "அப்போ ஜாதகம் பார்க்க வெளியே போக வேண்டாம்னு சொல்லுங்க!" அக்கா கணவர் அதை எனக்குப் போனில் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "இது ஜோசியம் இல்லம்மா, இதுக்கு நாப்பத்திரெண்டாயிரம் குடுக்குறாங்கன்னு சொன்னேன் மாப்ளே" என்றார். அந்த வரன் அதோடு நின்றது. அக்காவுக்கு வருத்தம். அது நியாயமான வருத்தம்தான். முப்பத்தைந்து வயது கணக்கு அக்காவுக்கும் தெரியும்.

ஜோசியம் என்று கேட்பவர்களை முன்பெல்லாம் கேலி செய்வேன். இப்போது செய்வதில்லை. காரணம் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் மிகச் சாதாரண வேலையில் சேர்ந்து முதல் உதவியாளர் வரை உயர்ந்தார். 1867-ல் ஒரு விண்மீன் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் உறுப்பினரான முதல் இந்தியர், 1872-ல். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது சாதாரண மக்களுக்காக அதை விளக்கிச் சிறு நூல் எழுதினார். கன்னடம், உருது போன்ற இந்திய மொழிகளில் அது வந்தது. பட்டம் இல்லை, ஜாம் இல்லை, ஜெஸ்ட் இல்லை. பஞ்சாங்கத்திலிருந்து வானியலுக்கு ஒரே ஆயுளில் நடந்து போனவர். அவர் கண்டதும் மாறும் விண்மீன். நூற்றைம்பது வருடம் கழித்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் அலசியதும் மாறும் விண்மீன். சொன்னபோது, "அவருக்கு உதவித்தொகை எவ்வளவு மாமா?" என்று கேட்டாள். அவளும் கணக்கு எழுதுபவரின் மகள்தானே.

இப்போது எம்.எஸ்சி. கடைசிக் கட்டம். ஆராய்ச்சிக்கான நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறாள். முடிவு வரவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அக்கா கணவர் கொடுத்த இரண்டு வருடக் கெடு முடிகிறது. கிடைக்காவிட்டால் இன்னொரு வருடம் கேட்பாள்; அவர் தருவாரா என்று எனக்குத் தெரியாது. தரச் சொல்லி நான் பேசுவேன். எனக்காக ஒருவர் பேசிய கடன் பாக்கி இருக்கிறது.

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு அவர் போன் செய்தார். தேர்வு முடிவோ என்று பதறி எடுத்தேன். "மாப்ளே, மாடியில நிக்கிறேன். கரண்ட் போயிடுச்சு. தலைக்கு மேல மூணு நட்சத்திரம் வரிசையா இருக்கு. அதுக்குப் பக்கத்துல செவப்பா ஒண்ணு. செவ்வாயா அது?"

"இல்ல மாமா, அது திருவாதிரை."

"நம்ம ஆருத்ரா தரிசனத் திருவாதிரையா!" என்றார். கொஞ்ச நேரம் மௌனம். "எவ்வளவு தூரம் இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. தப்பாகச் சொல்லி இன்னொரு தபால் அட்டை வாங்க ஆசையும் இல்லை. "உங்க பொண்ணைக் கேளுங்க" என்றேன்.